முன்கூட்டிச் சொன்ன நன்றி

என் மனைவிக்குப் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று முடிவு செய்தபோது, அவள் பெயர் எழுதிய காகிதங்கள் எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு இருந்தன. ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், எஸ்டேட் ஆபீசில் கொடுத்த தொழிலாளி அட்டை. நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஏலப்பாறைக்குக் கொண்டுபோனோம். அங்கே கம்ப்யூட்டர் வைத்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் பெண், ஞானஸ்நானச் சீட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்து, "இது வேண்டா சேச்சி" என்றாள். என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். நான்கில் அவள் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

எங்கள் தேயிலை எஸ்டேட் இடுக்கி மலையில், ஏலப்பாறையிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, ஓடுகிறது என்றும் சொல்ல முடியாது. ஃபேக்டரி நின்று பல வருடம் ஆகிறது. கொழுந்தை லாரியில் ஏற்றி வேறு ஃபேக்டரிக்கு அனுப்புகிறார்கள். சம்பளம் வருகிற மாதம் வரும். நான் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவன். முதுகில் அடிபட்ட பிறகு எஸ்டேட் டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதினார், ஆபீசில் என் பெயரை வெட்டினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த லயத்து வீடு என் மனைவியின் பெயரில்தான் நின்றது. லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்கிற தொழிலாளர் பெயர்ப் புத்தகத்தில் இருக்க வேண்டும். இருக்கும் வரை வீடு. வெட்டினால் இறங்க வேண்டியதுதான்.

எங்களுக்கு ஒரே மகள். கட்டப்பனையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்து, முதல் வருடத்தை எப்படியோ தள்ளினோம். இரண்டாம் வருடத்துக்கு வழி தெரியவில்லை. லயத்தில் பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது, "பேர் எழுதியாச்சா?" என்றுதான். என் மனைவிக்கு அந்தக் கேள்வியே ஆகாது. அவளுடைய அம்மாவின் பெயரை வெட்டிய அதே வாரத்தில் அந்த இடத்தில் எழுதப்பட்டவள் அவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். மகளை அந்தப் புத்தகத்தில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நினைத்தாள். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

முதலில் வந்தவர் கம்பத்துப் பக்கத்து ஏஜென்ட். வெள்ளைச் சட்டை போட்டு, எங்கள் வீட்டுச் சேரில் உட்கார்ந்து, கறுப்புக் காபி குடித்தார். சுற்றிப் பார்க்கப் போகிற விசாவில் ஏற்றி விடுவதாகவும், வேறு மாநிலத்து விமான நிலையம் வழியாகப் போனால் கேள்வி குறைவு என்றும், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆபீசர் யாராவது கேட்டால், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

என் மனைவி கேட்டாள். "ஏண்ணே, நான் இன்னும் தேக்கடியவே பாத்ததில்ல. என் மூஞ்சியப் பாத்தா ஊரு சுத்திப் பாக்கப் போறவ மாதிரியா இருக்கு?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரி அப்படித்தான் போனவள். போய்ச் சேர்ந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து எம்பசியில் அடைக்கலம் புகுந்து, உடுத்திய துணியோடு திரும்பி வந்தாள். இப்போதும் யாராவது கதவை வெளியிலிருந்து சாத்தினால் எழுந்து நின்றுவிடுவாள். நான் ஏஜென்டிடம், சட்டப்படி ஒரு வழி இருந்தால் மட்டும் அனுப்புவேன், பொய் சொல்லிப் போகிற பயணத்துக்கு என்னால் ஜெபிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சட்டப்படி போறதுன்னா கெவுருமெண்டுதான். அவங்க எப்ப கூப்பிடுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்று சொல்லி எழுந்து போனார்.

அவர் சொன்னதில் பாதி சரி. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், குடிபெயர்வு சோதனை வேண்டும் என்று அச்சடித்துத் தருகிறார்கள். அப்படிப்பட்ட பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் முப்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சர்க்கார் அனுமதித்த ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் எனக்குப் படித்துச் சொன்னது மகள்தான். அந்த வழியில் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நாம் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, கூட்டிக்கொண்டு போகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. ஃபோனை என் கையில் கொடுத்து, "நீங்களே வாசிங்கப்பா" என்றாள். மலையாளத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அப்படித்தான் இருந்தது.

பாஸ்போர்ட்டுக்கு விலாசம் வேண்டும். லயத்து வீட்டுக்குக் கரண்ட் பில் கிடையாது, வீட்டு வரிச் சீட்டு கிடையாது. எஸ்டேட் ஆபீசில், இன்னார் இன்ன லயத்தில் குடியிருக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்க மூன்று முறை நடந்தோம். ஆபீஸ் கிளார்க் எங்கள் சபைக்காரர்தான். எதற்கு என்று கேட்டார், சும்மா எடுத்து வைக்கலாம் என்று சொன்னோம். பிறகு போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். ஆறு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து நின்று என் மனைவியை நல்லவள் என்று சொன்னார்கள். ஒரு மாதத்தில் தபால்காரர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார். அவள் அதைத் திறந்து தன் போட்டோவைப் பார்த்து, "செத்தவ மாதிரி இருக்கேன்" என்றாள். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அதை மேசை மேல் வைத்து ஜெபித்தோம்.

சர்க்கார் ஏஜென்சியில் பெயர் கொடுத்து ஏழெட்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் கொச்சிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெரிய அறையில் நாற்பது பெண்கள். பெரும்பாலும் மலையாளிகள், எங்களைப் போல எஸ்டேட்டிலிருந்து நாலைந்து பேர். இஸ்திரி போடச் சொன்னார்கள், கேஸ் அடுப்பை அணைத்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு டிவி போலிருந்த ஒன்றில் குவைத்திலிருந்து ஒரு அம்மாள் பேசினாராம். குழந்தை இரவில் அழுதால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். இவள், முதலில் தூக்குவேன், பிறகுதான் ஏன் அழுகிறது என்று பார்ப்பேன் என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறாள். பக்கத்திலிருந்தவர் அதை மாற்றிச் சொன்னார். சாயங்காலம் பட்டியலில் இவள் பெயர் இருந்தது. இனி உடம்பு பரிசோதனை மட்டும்தான், அதற்கு மூன்று வாரத்தில் கூப்பிடுவோம் என்றார்கள்.

இங்கே நான் செய்ததை எழுத வேண்டும்.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பவர்கள், எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கவருக்குள் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், போதகருக்குக் கீழே சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் அதைச் சத்தமாக வாசிப்பார். பிள்ளை பரீட்சையில் தேறியதற்காக, பாம்பு கடிக்காமல் தப்பியதற்காக, பசு நல்லபடியாகக் கன்று போட்டதற்காக என்று. சிலர் காரியம் நடப்பதற்கு முன்பே, நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பார்கள். அதை நாங்கள் பெரிய விசுவாசமாக நினைப்போம். அப்படி ஒரு சீட்டு வாசிக்கப்பட்டால் சபையே ஒரு முறை திரும்பிப் பார்க்கும். வாசித்துவிட்டால் அந்தக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் கவலையாகப் பேசினால், கர்த்தருடைய கையைச் சந்தேகப்படுகிற மாதிரி.

கொச்சியிலிருந்து வந்த அந்தச் சனிக்கிழமை நான் சீட்டு எழுதினேன். என் மனைவிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் என்று எழுதினேன். அவள் அடுப்பில் கப்பைக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"மெடிக்கல் முடியட்டுமேங்க" என்றாள்.

"உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் கப்பையை வடித்தாள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுவிட்டால் அதற்குப் பதில் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் உபதேசியார் வாசித்தார். சபை திரும்பிப் பார்த்தது. கிளார்க்கும் திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமை என்னை ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கெட்ட எண்ணம் ஒன்றும் அவருக்கு இல்லை. விலகுகிறவர்களுக்குக் கணக்கு முடித்துப் பணம் கொடுக்க ஒரு பட்டியல் அந்த வாரம் மேலே போகிறது, அதில் சேர்த்துவிட்டால் சீக்கிரம் கைக்கு வரும், தவறினால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றார். இதற்கு முன்னால் விலகிய பலர் இன்னும் ஆபீஸ் வாசலில் நிற்பது எனக்கும் தெரியும்.

"போறது உறுதிதானே அண்ணே? சபையிலேயே சொல்லிட்டீங்களே" என்றார்.

இல்லை, இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் நேற்று வாசித்தது பொய் என்று ஆகும். கர்த்தரின் சந்நிதியில் எழுதிக் கொடுத்ததைத் திங்கட்கிழமை ஆபீசில் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறுதிதான் என்றேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட வைத்தேன். அவள் பேனாவை வாங்கி, எந்த இடம் என்று கேட்டுப் போட்டாள். வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் தவணை. அதற்குள் அவள் குவைத்தில் இருப்பாள், மகள் கட்டப்பனை ஹாஸ்டலிலேயே இருப்பாள், நான் எங்கேயாவது ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

உடம்பு பரிசோதனையும் கொச்சியில்தான். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். இரவு ஒரு சர்ச்சு விடுதியில் தங்கிவிட்டுக் காலையில் போனோம். கவுண்டரில் இருந்த பெண் காகிதத்தை நீட்டும்போதே என் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"சேச்சி, அன்ஃபிட் ஆணு" என்றாள். நெஞ்சில் பழைய தழும்பு ஒன்று தெரிகிறதாம்.

என் மனைவி, "இப்ப நோய் இல்லையில்லம்மா?" என்று கேட்டாள்.

இல்லை, ஆனால் தழும்பு இருந்தாலே அந்த நாட்டில் எடுக்க மாட்டார்கள், மாற்ற முடியாது என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். காகிதத்தில் அந்த ஆங்கில வார்த்தை பெரிய எழுத்தில் இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியும். என்னுடைய காகிதத்திலும் அதுதான் இருந்தது.

தழும்பு எங்களுக்குத் தெரியாதது இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் டிபி வந்து, ஆறு மாதம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் என் மாமனார் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். சுகமானதற்குச் சபையில் நன்றி செலுத்தியாகிவிட்டது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுத்ததில்லை. கர்த்தர் சுகமாக்கியதைத் திரும்ப எண்ணிப் பார்ப்பது சரியில்லை என்று விட்டுவிட்டோம். நானும் உண்மையிலேயே மறந்துவிட்டேன். அவள் மறந்திருந்தாளா என்று இன்றைக்கு வரை நான் கேட்கவில்லை. மெடிக்கல் முடியட்டும் என்று அவள் சொன்னதை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கோட்டயம் தாண்டி, முண்டக்கயத்தில் பஸ் நின்றபோது அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். "இங்க கீரை மலிவா இருக்கும். ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். இறங்கி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மேலே வந்து சேரும் வரை மடியில் வைத்திருந்தாள்.

ஊர் வந்ததும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் உட்காரச் சொன்னார். பட்டியல் மேலே போய்விட்டது, வெட்டிய பெயரைத் திரும்ப நிரந்தரமாக எழுத மேனேஜருக்கே அதிகாரம் இல்லை என்றார். அவர் முகம் சரியில்லை. தற்காலிகமாகக் கொழுந்து எடுக்க வரலாம், ஆனால் அதற்கு வீடு கிடையாது. வேண்டுமானால் ஒன்று செய்யலாம் என்றார். வயது வந்த பிள்ளை இருந்தால் அந்தப் பெயரைப் புதிதாக எழுதலாம், வீடும் நிற்கும்.

நான் வீட்டில் வந்து அதைச் சொன்னபோது மகளும் இருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். கொஞ்சம்கூட யோசிக்காமல், "எழுதிருங்கப்பா. ஒரு வருஷம் நின்னுட்டு அப்புறம் படிக்கேன்" என்றாள்.

"நானும் ஒரு வருஷம்னுதான் எழுதுனேன்" என்றாள் என் மனைவி.

"அப்ப வீடும்மா?"

"வீடு கம்பெனிக்காரனுது. நீ எனக்குப் பொறந்தது." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இதுல ஜெபிச்சுச் சொல்ல வேண்டாம். நான் சொல்லிட்டேன்" என்றாள்.

இத்தனை வருடத்தில் அப்படி அவள் என்னிடம் பேசியது இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. சரி என்றேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் கஷ்டமாக இருந்தன. சர்ச்சு வாசலில் ஒவ்வொருவராக, ஃப்ளைட் எப்போது என்று கேட்டார்கள். எங்கள் மதினி முறைக்காரி ஒருத்தி, வரும்போது எனக்கு ஒரு சென்ட் பாட்டில் என்று கேலி செய்தாள். என் மனைவி, போனால்தானே வருவது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் உபதேசியாரிடம் போய், அந்தக் காரியம் நடக்கவில்லை என்று சபையில் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் காணிக்கை நோட்டைத் திறந்து பார்த்தார். வாசித்ததை எழுதத்தான் அதில் இடம் இருக்கிறது, திருத்த இடம் இல்லை, எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை தம்பி என்றார். நல்ல மனிதர். அவராகவே, போதகரிடம் சொல்லாமல், எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வீட்டு ஜெபத்தை நான் நிறுத்தவில்லை. ஏழு மணிக்கு உட்காருவோம். பழகிய வார்த்தைகள் பழகிய வரிசையில் வந்தன. யார் பேசுகிறார்கள் என்று எனக்கே தெரியாத மாதிரி என் குரலை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கர்த்தர்மேல் எனக்கு வருத்தம் இருந்ததா என்று போதகர் பிறகு ஒரு நாள் கேட்டார். வருத்தப்படுவதற்கும் ஒரு பலம் வேண்டும் ஐயா என்றேன்.

மூன்று மாதம் முடியும் முன்பே இறங்கினோம். ஒரு ஜீப்பில் எல்லாம் அடங்கிவிட்டது. குமுளி செக்போஸ்ட்டில் ஒருவர் படுதாவைத் தூக்கிப் பார்த்து, ஏலக்காய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். போகச் சொன்னார். கம்பத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம். நான் ஒரு திராட்சைக் குடோனில் பகல் காவலுக்கு இருக்கிறேன். என் மனைவி விடிவதற்குள் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே அதே இடுக்கி ஜில்லாவுக்குக் காய் பறிக்கப் போய்விட்டுச் சாயங்காலம் இறங்கி வருகிறாள். ஒரு ஜீப்பில் பதினைந்து பேர். எஸ்டேட்டில் இருந்ததை விட வேலை கஷ்டம் என்று சொல்வாள். கூலி அன்றன்றைக்குக் கைக்கு வந்துவிடுகிறது. மகளின் ஃபீஸ் அதில்தான் போகிறது. கம்பெனி எழுதிக்கொண்ட கணக்குப் பணம் இன்னும் வரவில்லை. மகள் இப்போது கடைசி வருடம். ஹாஸ்டலில் இருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் ஜீப் ஓடவில்லை. மத்தியானம் என் மனைவி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் சாப்பிட வந்திருந்தேன். அவள் ஃபோன் அடித்தது. திருவனந்தபுரத்து சர்க்கார் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண். சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. அடுத்த முறை ஆள் எடுக்கிறார்களாம், வேறு நாடு, இவளுடைய பெயர் பழைய பட்டியலில் இருக்கிறது, வர விருப்பமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

என் மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அங்கயும் நெஞ்சப் படம் பிடிப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

பிடிப்பார்கள் என்றாள் அந்தப் பெண்.

"அப்ப என் பேர எடுத்துருங்க. வேற ஒருத்திக்கு ஆகட்டும்." சொல்லிவிட்டு வைக்கப் போனாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். நர்சிங் படிச்ச பிள்ளைங்கள இதே மாதிரி சட்டப்படி எடுக்கிறது உண்டா? அதுக்கு என்னென்ன பேப்பர் வேணும், மெதுவாச் சொல்லுங்க. வீட்ல எழுதிக்கிடுவாங்க."

எழுதச் சொல்லி என் பக்கம் கையைக் காட்டினாள். நான் எழுந்து பேனா தேடினேன்.